சபுராளியின் வழித்துணை

பயணத்திற்கு அரபு மொழியில் 'ஸபர்' என்று பெயர். அச்சொல் நம் கடற்கரை ஊர்களில் கரையேறி, நம் பேச்சோடு கலந்து, 'சபுராளி' என்ற சொல்லைப் பெற்றெடுத்தது. பிழைப்பிற்காகக் கடல் கடந்தவன் சபுராளி. அவனுக்கு ஒரு பெயர் சூட்டிய நம் தமிழ், அவன் திரும்பி வரும்வரை வீட்டுக்குள் காத்திருந்தவளுக்குத் தனிப் பெயர் எதையும் சூட்டவில்லை. இந்தக் குறையை நான் கீழக்கரையிலும் உணரவில்லை, ரியாத்திலும் உணரவில்லை. ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே, மனிதரைக் காண்பதே அரிதான ஒரு மண் பாதையில், என் அறுபத்தேழாம் வயதில்தான் உணர்ந்தேன்.

நானும் சபுராளிதான். 1981இல் மணமுடித்தேன். 1983 முதல் 2005 வரை சவூதி அரேபியாவில் வாகனம் ஓட்டிப் பிழைத்தேன். இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்று மாத விடுப்பு. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் என் துணைவியோடு ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று ஆண்டு நிறையாது.

அடிலெய்டு நகரில் வாழும் எங்கள் மகளைக் காண 2023ஆம் ஆண்டு சென்றிருந்தோம். ஒருநாள் என் துணைவி, "நீங்கள் அனுப்பிய போட்டோவிலெல்லாம் உங்களுக்குப் பின்னால் மணலாகவே கிடக்கும். அந்த மணலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை" என்றாள். அரபு நாட்டுப் பாலைக்கு அவளை நான் அழைத்துச் செல்லவே இல்லை. எனவே கைக்கெட்டும் பாலைக்கு அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தேன். "இந்த வயதிலா?" என்று மகள் பதறினாள். மருமகன் மட்டும் தம் ஜீப்பின் சாவியைத் தந்து, இரண்டு ஸ்டெப்னி டயர்கள், அறுபது லிட்டர் தண்ணீர், செயற்கைக்கோள் வழியே பேசும் தொலைபேசி ஆகியவற்றையும் ஏற்றிவிட்டார். ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். கோடையில் அப்பாதையில் செல்வது அறிவுடைமை ஆகாது.

நாங்கள் தேர்ந்த பாதைக்கு ஊட்னடாட்டா தடம் என்று பெயர். தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரீ என்னும் சிற்றூரில் தொடங்கி, ஏறத்தாழ 620 கிலோமீட்டர் சென்று, மார்லா என்னுமிடத்தில் தார்ச் சாலையைத் தொடுகிறது. இடையில் பெட்ரோல் கிடைப்பது வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா ஆகிய இரண்டே இடங்களில். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் ஜும்ஆவை அடிலெய்டின் சிறிய தெரு ஒன்றிலுள்ள பழைய பள்ளிவாசலில் தொழுதேன். 1888ஆம் ஆண்டு கட்டத் தொடங்கியது அப்பள்ளி. அதன் நான்கு மினாராக்கள் 1903இல் சேர்ந்தவை. அதைக் கட்டியவர்கள் மன்னர்களோ பெரும் வணிகர்களோ அல்லர். ஒட்டகம் ஓட்டிய கூலிக்காரர்கள். அவர்களுடைய தடத்தில்தான் நாங்கள் மறுநாள் வண்டியோட்டப் போகிறோம் என்று இமாம் கூறியபோது என் உள்ளம் சிலிர்த்தது.

வாசகர்களில் பலர் இவ்வரலாற்றை அறிந்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் உள்நாடு நீரற்றது. குதிரையும் மாடும் அங்கே நடைபோட முடியாமல் மாண்டன. எனவே 1860இல் பர்க், வில்ஸ் என்போரின் ஆய்வுப் பயணத்திற்காக இருபத்து நான்கு ஒட்டகங்களையும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களையும் இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள். 1866இல் தாமஸ் எல்டர் என்னும் செல்வர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் முப்பத்தொரு ஒட்டகக்காரர்களையும் போர்ட் அகஸ்டா துறைமுகத்தில் இறக்கினார். அதன்பின் பல்லாண்டுக் காலம் ஆயிரக்கணக்கில் ஒட்டகங்கள் வந்தன. கூடவே மனிதர்களும் வந்தனர். பெஷாவர், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் எனப் பல இடத்தாராக இருந்தாலும் வெள்ளையர் அவர்கள் எல்லோரையும் 'ஆப்கான்' என்றே அழைத்தனர். பிறகு அதையும் சுருக்கிக் 'கான்' ஆக்கினர். அடிலெய்டிலிருந்து டார்வின் வரை இன்று ஓடும் புகழ்பெற்ற ரயிலுக்குக் 'கான்' என்று பெயர் வந்தது இதனால்தான் என்பார்கள்.

1872இல் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து முடிந்த தந்திக் கம்பிக்கும், அதன்பின் வந்த இருப்புப் பாதைக்கும், தொலைதூரப் பண்ணைகளின் மாவுக்கும் தேயிலைக்கும் ஆட்டு ரோமத்திற்கும் அவர்களுடைய ஒட்டகங்களே வாகனமாயின. ஒரு வலிய ஒட்டகம் 400 கிலோவுக்கு மேல் சுமந்தது. ஆனால் 1901இல் வந்த குடிவரவுச் சட்டம் அவர்கள் தலையில் விழுந்தது. ஊருக்குச் சென்று பெண்டு பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டுமானால் முன்கூட்டியே விதிவிலக்குச் சான்று வாங்க வேண்டும். இல்லையேல் துறைமுகத்திலேயே தடுக்கப்படலாம். குடியுரிமையும் மறுக்கப்பட்டது.

மர்ரீயை இரண்டாம் நாள் பிற்பகலில் அடைந்தோம். 1884இல் ரயில் வந்த ஊர். அப்பாதை மூடப்பட்டபின் துருப்பிடித்த எஞ்சின்களே எஞ்சியுள்ளன. ஒரு காலத்தில் இருப்புப் பாதையின் ஒருபுறம் வெள்ளையர் வாழ்ந்தனர். மறுபுறம் ஒட்டகக்காரரும் மண்ணின் மைந்தரான பழங்குடியினரும் வாழ்ந்தனர். 'கான் டவுன்' என்று பெயர் பெற்ற அப்பகுதியில் மண்ணும் மரமும் கொண்டு ஒரு சிறு பள்ளியை எழுப்பி, அதன் முன்னே ஒளு செய்யச் சிறு தடாகமும் அமைத்திருந்தார்கள். மூலப் பள்ளி அழிந்துபோக, அதன் மாதிரியாகப் பிற்காலத்தில் கட்டிய சிறு கூரை ஒன்று இப்போது நிற்கிறது. அங்கே கிப்லா நம்மூரைப் போலவே மேற்கே, சற்று வடக்கு சாய்ந்து இருக்கிறது. லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது எங்கள் இருவரையும் தவிர அங்கே காற்று மட்டுமே இருந்தது.

அவ்வூரில் நிலைத்தவர்களுள் பெஜா தர்வேஷ் என்னும் பலூசியர் ஒருவர். 1896இல் புறப்பட்ட கால்வர்ட் ஆய்வுக் குழுவோடு கொடிய மணல் வெளியைக் கடந்தவர். அக்குழுவில் இருவர் தாகத்தால் மாண்டனர். தலைவர் லாரி வெல்ஸ், பெஜாவின் நேர்மைக்கும் துணிவுக்கும் அடையாளமாகத் தம் திசைகாட்டியையே அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பது வரலாறு. அவர் 1957இல் காலமானார்.

பின்னர் மையவாடிக்குச் சென்றோம். உயிரோடிருந்தபோது பிரிந்து வாழ்ந்ததைப் போலவே மண்ணுக்குள்ளும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். முஸ்லிம்களுக்குத் தனி இடம். சில கபுருகளில் மட்டும் எழுத்து. பலவற்றில் கற்குவியல் மட்டுமே. நான் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று பாத்திஹா ஓதினேன். வேலிக்கு வெளியே நின்ற என் துணைவி, நான் திரும்பியதும் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, இவங்க வீட்டுப் பெண்களெல்லாம் எங்கே இருந்தாங்க?"

மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்களே மிகுதி என்றும், மனைவியரை அழைத்துவர வழியில்லை என்றும், சிலர் இங்கேயே பழங்குடிப் பெண்களையோ வெள்ளைக்காரப் பெண்களையோ மணந்தார்கள் என்றும் நான் படித்ததையெல்லாம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ இவங்களும் சபுராளிதான். அங்கே இருந்தவளுக்கு யார் சொல்லியிருப்பாங்க, கபுரு இங்கே இருக்குன்னு?" என்று மட்டும் சொல்லி வண்டியில் ஏறிக்கொண்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

மறுநாள் காலை மண் பாதையில் இறங்கினோம். டிங்கோ என்னும் காட்டு நாயைத் தடுக்க ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளமாகக் கட்டிய வேலியைக் கடந்தோம். வானம் வானமாகவும் மண் மண்ணாகவும் மட்டுமே இருந்தன. எதிரே வரும் வண்டி ஒரு மணி நேரத்திற்கு ஒன்று. வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். நாமும் உயர்த்த வேண்டும். அது அப்பாதையின் ஸலாம். 'இன்னார் இங்கே உயிரோடு இருக்கிறார்' என்று இருவரும் ஒருவருக்கொருவர் சாட்சி கூறுவது போன்றது.

ஏரி போல் வெண்மையாக ஒரு பரப்பு தோன்றியது. அது கட்டி தண்டா எனப்படும் ஏர் ஏரியின் தென்பகுதி. கடல் மட்டத்திற்குச் சுமார் பதினைந்து மீட்டர் கீழே கிடக்கும் உப்பு வெளி. நீர் நிறைவது எப்போதோ ஒருமுறை. என் துணைவி நெடுநேரம் அதைப் பார்த்திருந்தாள். "போட்டோவில் இத்தனை சத்தமின்மை தெரியவில்லை" என்றாள்.

அதனைக் கடந்த சிறிது தூரத்தில், கூர்ங்கற்கள் பரவிய இடத்தில் பின் டயர் வெடித்தது. ஜாக்கியை வைத்தால் மண் உள்வாங்கியது. அடியில் ஒரு பலகை வைத்து உயர்த்த வேண்டியிருந்தது. இருபத்திரண்டு ஆண்டு ரியாத்துக்கும் தம்மாமுக்கும் இடையே நான் செய்த வேலைதான். ஆனால் அன்று முதன்முறையாக, நட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் என் அருகில் குந்தியிருந்தாள். "இப்படித்தானா ஒவ்வொரு தடவையும் தனியாகச் செய்வீங்க?" என்றாள். அப்போது வந்த ஒரு முதிய வெள்ளைக்காரத் தம்பதியர் வண்டியை நிறுத்தி, சக்கரம் மாட்டி முடியும்வரை நின்று, "தண்ணீர் போதுமா?" என்று கேட்டுவிட்டே சென்றனர். அப்பாதையில் எவரும் நிற்பவரைக் கடந்து போவதில்லை.

பாதையின் முதல் சட்டமும் ஒன்று உண்டு. எது நேர்ந்தாலும் வண்டியை விட்டு நடந்து போகக் கூடாது. 1998 டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஓர் இளஞ்சோடியின் வண்டி ஏரிக்கரையில் மணலில் புதைந்தது. உதவி தேடி நடந்த அந்தப் பெண் வழியிலேயே வெயிலில் மாண்டாள். வண்டியிடம் திரும்பி வந்து காத்திருந்த அவளுடைய துணைவன் பிழைத்தான். இதனை நான் கூறியபோது என் துணைவி அந்தப் பெண்ணுக்காக 'இன்னா லில்லாஹி' ஓதினாள்.

பாதை ஏன் இவ்வாறு வளைந்து செல்கிறது என்பதற்கும் விடை நீரே. இப்பெருநிலத்தின் அடியில், கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பில், நிலத்தடி நீர் தேங்கியிருக்கிறது. கிழக்கு மலைகளில் பெய்த மழை பாறைகளின் ஊடே இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஊர்ந்து வந்து, இங்கே மேடுகளாக எழுந்த ஊற்றுகளில் வெளிப்படுகிறது. அரபனா என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக ஊற்றுக்கு ஊற்று நடந்த வழி இது. அதனையே 1859இல் ஸ்டுவர்ட் என்னும் ஆய்வாளர் பின்பற்றினார். அவரைத் தந்திக் கம்பியும், அதனை ரயிலும், ரயிலை இந்த மண் பாதையும் பின்பற்றின. நீர் போட்ட பாதையில்தான் எல்லாரும் நடந்திருக்கிறார்கள்.

'பப்ளர்' என்று அழைக்கப்படும் ஓர் ஊற்றின் கரையில் நின்றோம். வறண்ட மேட்டின் நடுவே ஒரு சிறு குளம். அதன் அடியிலிருந்து மணலைக் கிளப்பிக்கொண்டு நீர் குமிழ்ந்து, அடங்கி, மீண்டும் குமிழ்ந்தது. என் துணைவியின் உதடுகள் அசைந்தன. அன்னை ஹாஜரா (அலை) அவர்களை நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. ஹஜ்ஜின்போது ஸபா மர்வாவுக்கு இடையே நாங்கள் இருவரும் நடந்திருக்கிறோம். அப்போது எனக்கு நினைவில் நின்றது ஓடிய கால்களும் பீறிட்ட ஜம்ஜமும்தான். கைக்குழந்தையோடு பாலையில் நின்று, கணவர் நடந்து போவதைப் பார்த்திருந்த கண்களை நான் நினைத்ததில்லை.

அன்றிரவு கோவர்ட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் தங்கினோம். பழைய ரயில் நிலையம். அருகே பேரீத்த மரங்கள். அவள் தண்ணீரை வீணாக்காமல், மதரஸாவில் ஓதிய நினைவோடு, முக்கால் லிட்டருக்குள் ஒளுவை முடித்தாள். மஃரிபும் இஷாவும் சேர்த்துத் தொழுதபின் நெருப்பருகே தேநீரோடு அமர்ந்தோம். நம்மூரில் காணாத அளவு விண்மீன்கள். குளிர் எலும்பைத் தொட்டது. அப்போது அவள் பேசினாள்.

"அந்தத் தந்தியில், வர வேண்டாம் என்றும் எழுதச் சொன்னேன். அந்த வார்த்தை உங்களுக்கு வந்துச்சா?"

எந்தத் தந்தி என்று நான் கேட்கவில்லை. 1988இல் எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் முடி களைந்து என் வாப்பாவின் பெயரை வைத்தார்கள். பதினோராம் நாள் அல்லாஹ் அழைத்துக்கொண்டான். நான் ஏழு மாதம் கழித்தே ஊர் வந்தேன். நிறுவனம் விடுப்புத் தரவில்லை என்றே எல்லாரிடமும் கூறியிருந்தேன். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. ஒருமுறை கேட்டேன், மேலாளர் மறுத்தார். மறுமுறை கேட்டிருக்கலாம். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டாவது வந்திருக்கலாம். 'வர வேண்டியதில்லை' என்ற தந்தி வாசகம் எனக்கு ஒரு நிழல் போல் அமைந்தது. அதன் அடியில் முப்பத்தைந்து ஆண்டு ஒதுங்கிவிட்டேன்.

"வந்தது" என்றேன்.

"வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். வரமாட்டீங்கன்னு நினைக்கலை."

குரலில் சினம் இல்லை. நெருப்பில் ஒரு குச்சியை வைத்தாள். சற்று நேரங்கழித்து, "அவன் கபுரைப் போய்ப் பார்த்தீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். ஊர் வந்தபோது மீஸான் கல் எதுவும் இல்லாத அந்தச் சின்னஞ்சிறு கபுரு எது என்று பிறரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. தகப்பனுக்கே தெரியவில்லையா என்று நினைப்பார்களே என்ற வெட்கம். அடுத்த விடுப்பில் அந்த வெட்கம் இன்னும் வளர்ந்திருந்தது. பிறகு கேட்கும் காலமே கடந்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

"நேற்று முன்பின் தெரியாதவங்க கபுருக்கெல்லாம் நின்று ஓதினீங்க. அதைப் பார்த்ததும் கேட்கணும்னு தோணுச்சு" என்றாள். பின்னர் அந்தப் பதினொரு நாட்களையும் ஒவ்வொரு நாளாகச் சொன்னாள். எந்த நாள் பால் குடித்தான், எந்த நாள் குடிக்கவில்லை, யார் கையில் அழுகையை நிறுத்தினான் என்பதெல்லாம். கடிதங்களிலும் கேசட்டுகளிலும் 'நாங்கள் நலம்' என்று எழுதியவள், பேசியவள் இவள்தான். நான் கேட்டதில்லை, அதனால் அவள் சொன்னதில்லை.

எஞ்சிய வழி விரைவாகவே கழிந்தது. உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணையின் நடுவே ஒரு கைப்பிடி வீடுகளாக நிற்கும் வில்லியம் க்ரீக், 1892இல் கட்டி முடித்து இன்று ரயிலின்றி வறண்ட ஆற்றின்மீது அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அல்ஜிபக்கினா இரும்புப் பாலம், இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய ஊட்னடாட்டா கடை என்று பார்த்துச் சென்றோம். ஓரிடத்தில் காட்டு ஒட்டகங்கள் பாதையைக் கடந்தன. லாரி வந்தபின் ஒட்டகம் வேண்டாத பொருளாயிற்று. 1925இல் தெற்கு ஆஸ்திரேலியா, திரியும் ஒட்டகங்களைச் சுட அனுமதிக்கும் சட்டத்தையே இயற்றியது. தம்மைச் சுமந்து வாழவைத்த பிராணியைச் சுட மனமின்றி, பல ஒட்டகக்காரர்கள் கயிற்றை அவிழ்த்துப் பாலையில் விட்டுவிட்டார்கள். அவற்றின் சந்ததிகளே இவை. நான் வண்டியை நிறுத்தினேன். அவை எங்களைத் திரும்பியும் பாராமல் போயின.

இன்று சபுராளியின் நிலை மாறிவிட்டது. தந்தியும் கேசட்டும் மறைந்தன. கைத்தொலைபேசியில் முகம் பார்த்தே பேசுகிறார்கள். எனினும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொள்வது ஒன்று உண்டு. 'நலமா?' என்ற கேள்விக்கு 'நலம்' என்பதே விடையாக வரும். வீட்டிலிருப்பவள் 'வர வேண்டாம்' என்று சொன்னால், அதனை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுபடியும் ஒருமுறை கேளுங்கள். நான் கேட்க மறந்த அந்த ஒரு கேள்விக்காக உலகின் மறுகோடிவரை பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

செப்டம்பரில் ஊர் திரும்பினோம். மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் என் துணைவியின் தம்பியை அழைத்துக்கொண்டு மையவாடிக்குப் போனேன். அன்று அந்தச் சிறு ஜனாஸாவைக் கைகளில் ஏந்திச் சென்றபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நேராக மேற்குச் சுவரோரம் நடந்து, ஒரு வேம்பின் அடியில் நின்றார். "இதுதான் மச்சான். பெருநாளைக்குப் பெருநாள் நான் வந்து ஸலாம் சொல்லிட்டுத்தான் போவேன்" என்றார். என் மகனுக்கு நான் ஸலாம் சொன்னேன்.

வீடு திரும்பியபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். இடம் எது என்று அடையாளம் சொன்னேன்.

"அந்த வேம்பு அப்போ சின்னக் கன்றுன்னு தம்பி சொன்னான். இப்போ பெரிசாகிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆம். நல்ல நிழல்" என்றேன்.